மூன்றாவது ஓட்டை

2014 நவம்பர். வாழ்க்கையில் முதல் ஆன்சைட். லண்டன் ஹோட்டல் அறைக்குள் நுழைந்தபோது இரவு 11 மணி, போனில் 4 சதவீதம் சார்ஜ். ரங்கநாதன் தெருவில் 150 ரூபாய்க்கு வாங்கிய ‘உலக அடாப்டர்’ விமானத்திலேயே எங்கோ நழுவிப் போயிருந்தது. சுவரில் இருந்த சாக்கெட்டைப் பார்த்தேன். மேலே நெடுக்காக ஒரு ஓட்டை, கீழே படுக்கையாக இரண்டு. கையில் இருந்ததோ இரண்டு உருண்டைப் பின் கொண்ட நம்மூர் சார்ஜர். அழுத்தினேன், போகவில்லை. உள்ளே ஏதோ கதவு மாதிரி தடுத்தது.

பக்கத்து அறையில் டீமின் சீனியர் இருந்தார். நாகர்கோவில்காரர், மூன்று வருடமாக லண்டன்–சென்னை என்று அலைபவர். சிரித்துக்கொண்டே வந்தார். மேசை மேல் கிடந்த ஹோட்டல் பேனாவை எடுத்து மேல் ஓட்டையில் விட்டு அழுத்தினார். உள்ளே ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். கீழே இரண்டு கதவுகளும் திறந்தன. சார்ஜரைச் சொருகி, பேனாவை உருவிவிட்டு, “இவ்ளோதான் தம்பி. வெள்ளைக்காரன் பூட்டுக்கு நம்ம சாவி” என்றார்.

மறுநாள் ஊருக்கு போன் செய்தபோது இதைப் பெரிய சாகசமாக அப்பாவிடம் சொன்னேன். சிவகங்கைப் பக்கம் ஒரு சிறு டவுனில் முப்பது வருடம் வயர்மேனாக இருந்தவர் அவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“எந்த ஓட்டைல விட்ட?”

“மேல இருக்குறதுலப்பா. எர்த்து.”

“அதுல பேனாவ விடாதடா” என்றார். அவ்வளவுதான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ப்ளக் என்பது ஒரு எரிச்சல். எந்த ஊருக்கு எந்த அடாப்டர், எத்தனை வோல்ட் என்று ஒரு அட்டவணை பார்த்துவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்பாவின் அந்த மௌனம்தான் என்னை இதற்குள் இழுத்தது. படிக்கப் படிக்க, ப்ளக்கின் வரலாறு இரண்டு பின்களைப் பற்றியதே இல்லை என்று தோன்றியது. அந்த இரண்டும் வெறும் வியாபாரம். சண்டையெல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான்.

முதலில் அந்த வியாபாரத்தைப் பார்த்துவிடலாம்.

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நேர்மின்னோட்டம், சுமார் 110 வோல்ட். ஏன் 110? அன்றைய கார்பன் இழை பல்பு 100 வோல்ட்டை ஒட்டி நன்றாக எரிந்தது, அதிக நாள் உழைத்தது. வழியில் கம்பியில் கொஞ்சம் இழப்பு வரும், அதற்கு மேலே கொஞ்சம். அமெரிக்க வீடுகளில் இன்றைக்கு 120 வோல்ட் வருகிறது என்றால், அதற்குப் பின்னால் இருப்பது என்றோ செத்துப்போன ஒரு பல்பின் உடல்நிலை. பத்து வருடம் பழைய கோடில் ‘இதைத் தொடாதே, ஏனென்று தெரியாது, ஆனால் தொடாதே’ என்று எழுதியிருக்கும் கமெண்ட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் குறைந்த வோல்ட்டேஜுக்கு ஒரு விலை உண்டு: செம்பு. அதே அளவு மின்சக்தியை இரண்டு மடங்கு வோல்ட்டேஜில் அனுப்பினால் கரண்ட் பாதியாகும். அதே சதவீத இழப்புக்குக் கால்வாசி செம்பு போதும். 1899-இல் பெர்லினின் மின்சாரக் கம்பெனி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து 220 வோல்ட்டுக்கு மாற முடிவு செய்தது. வாடிக்கையாளர் வீட்டுச் சாமான்களை மாற்றித் தரும் செலவைக்கூட, கம்பியில் மிச்சம் பிடித்த காசில் ஈடுகட்ட முடிந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதி மெல்ல அந்தப் பக்கம் போனது. அமெரிக்காவில் அதற்குள் 110 வோல்ட் சாமான்கள் வீடுகளில் நிறைந்துவிட்டன. முதலில் வந்தவனே மாட்டிக்கொள்வான். மென்பொருளிலும் இதே கதிதான்.

ஜப்பான் கதை இன்னும் விசித்திரம். 1895-இல் டோக்கியோவின் மின்சாரக் கம்பெனி ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி.யிடம் ஜெனரேட்டர் வாங்கியது, 50 ஹெர்ட்ஸ். சீக்கிரமே ஒஸாகா அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கியது, 60 ஹெர்ட்ஸ். இரண்டு ஊர், இரண்டு பர்ச்சேஸ் ஆர்டர். நாடு இன்று வரை ஃபுஜி ஆற்றிலிருந்து இத்தோயிகாவா வரை குறுக்கே ஒரு கோடு போட்ட மாதிரி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு கிழக்கே மின்சாரம் போதவில்லை. மேற்கிலிருந்து அனுப்பலாம் என்றால், நடுவே அலைவெண் மாற்றும் நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 1,000 மெகாவாட்டை ஒட்டித்தான் இருந்தது. டோக்கியோவைச் சுற்றி முறை வைத்து மின்வெட்டு. 116 வருடத்துக்கு முன் யாரோ கையெழுத்துப் போட்ட ஒரு கொள்முதலுக்கு அந்த வசந்த காலத்தில் வட்டி கட்டினார்கள்.

லண்டனோ ஒரே ஊருக்குள் அப்படி இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த மாநகரப் பகுதியில் பத்து வெவ்வேறு அலைவெண்கள், வீடுகளுக்கு விநியோகிக்க 24 வெவ்வேறு வோல்ட்டேஜ்கள். தெரு மாறிக் குடிபோனால் பல்பை மாற்ற வேண்டியிருக்கும். பேட்டைக்கு ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு கணக்கு. 1926-இல் சட்டம் போட்டு மத்திய மின்சார வாரியம் அமைத்து, தேசிய கிரிட் இழுத்து, 50 ஹெர்ட்ஸுக்கு எல்லோரையும் கொண்டுவந்தார்கள்.

உலகத்துக்கே ஒரு தரம் வேண்டும் என்ற எண்ணமும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1906-இல் லண்டனில் உருவானபோது அதன் முதல் தலைவர் கெல்வின் பிரபு, கௌரவச் செயலாளர் கர்னல் க்ராம்ப்டன். ஆமாம், உங்கள் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனில் இருக்கும் அதே க்ராம்ப்டன். இளவயதில் பட்டாளத்தோடு இந்தியா வந்து, நீராவி இஞ்சினைத் தண்டவாளமே இல்லாமல் சாலையில் ஓட்டிப் பார்த்த மனுஷன். அந்த ஆணையம் ‘உலகுக்கு ஒரே ப்ளக்’ என்று ஒன்றை வெளியிட்டது 1986-இல். ஊருக்கு ஊர் சுவருக்குள் கம்பி போன பிறகு. பெரிய அளவில் அதை எடுத்துக்கொண்ட நாடு பிரேசில், அதுவும் தன் இஷ்டத்துக்குப் பின் அளவை மாற்றிக்கொண்டு. பிரேசிலில் சில ஊர்களில் 127 வோல்ட், சில ஊர்களில் 220. இரண்டுக்கும் ஒரே ப்ளக். ப்ளக் பொருந்துகிறது என்பதற்காக நம்பிச் சொருகினால் சாமான் புகையும். கச்சிதமாகப் பொருந்துவது வேறு, சரியாக இருப்பது வேறு.

இது வரைக்கும் எல்லாமே காசுக் கணக்கு. கவனித்தால் தெரியும், இதில் எங்கேயும் மனித உடம்பு வரவில்லை.

ப்ளக் பிறந்ததே இரண்டு காலோடுதான். ஆரம்பத்தில் வீட்டுக்கு மின்சாரம் வந்தது விளக்குக்காக மட்டும். சுவரில் சாக்கெட் என்ற ஒன்றே கிடையாது. அயர்ன் பாக்ஸோ ஃபேனோ வந்தால் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் மாட்டினார்கள். 1904-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஹார்வி ஹப்பல் காப்புரிமை பெற்ற ப்ளக்கும் அப்படித்தான்: ஒரு பாதி பல்பு ஹோல்டரில் திருகிக்கொள்ளும், மறு பாதி பிரிந்து வரும். கல்யாண வீட்டில் திண்ணை பல்பைக் கழற்றி ஹோல்டர் அடாப்டர் போட்டு ஸ்பீக்கருக்குக் கரண்ட் இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஹப்பலுக்கு நாம் நூறு வருடம் கழித்தும் விசுவாசமாக இருந்தோம். பல்பு ஹோல்டரில் இரண்டே தொடர்புதான் உண்டு. மூன்றாவதுக்கு இடமே இல்லை.

மூன்றாவது எதற்கு? இரும்பு உடம்பு கொண்ட சாமானுக்குள் ஒரு வயரின் உறை தேய்ந்து, செம்பு அந்த உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். சாமான் வழக்கம் போல ஓடும். வெளியே எதுவும் தெரியாது. ஆனால் அதன் உடம்பு முழுக்க 230 வோல்ட். எர்த் வயர் இருந்தால் கரண்ட் அதன் வழியே பாய்ந்து ஓடும், அந்த வேகத்தில் ஃப்யூஸ் போகும், சாமான் நின்றுவிடும். எர்த் வயர் இல்லையென்றால் அது காத்திருக்கும். ஈரக்கையோடு, வெறுங்காலோடு, சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு யாராவது தொடும் வரைக்கும்.

பெர்லின் கணக்கு போட்டு வோல்ட்டேஜை ஏற்றியபோது செம்பு மிச்சமானது. ஆபத்து ஏறியது. உடம்பின் தடை மாறாதபோது, வோல்ட்டேஜ் இரட்டித்தால் உடம்புக்குள் போகும் கரண்ட்டும் இரட்டிக்கும். 110 வோல்ட்டும் கொல்லும்தான், ஆனால் 220 குறைவான வாய்ப்பே தரும். அதனால்தான், என் கணிப்பில், எர்த்தைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் 220-காரர்கள். ஜெர்மனியின் ஷூக்கோ 1920களில் வந்தது. பிரிட்டனின் மூன்று உருண்டைப் பின் ப்ளக் 1934-இல் பி.எஸ். 546 என்ற தரமாக அச்சேறியது. அமெரிக்காவில் புது வீட்டுச் சாக்கெட்டுகளுக்கெல்லாம் எர்த் வேண்டும் என்று விதி வர 1962 ஆனது. 100 வோல்ட் ஜப்பானிலோ பெரும்பாலான சாக்கெட்டுகள் இன்றும் இரண்டு ஓட்டைதான். வாஷிங் மெஷின் வாங்கினால் வாலில் தனியாக ஒரு பச்சை வயர் தொங்கும், அதைச் சுவரில் இருக்கும் திருகில் நாமே மாட்ட வேண்டும்.

பேனாவுக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போர் முடிந்ததும் வீடுகளை எப்படிக் கட்டுவது என்று பிரிட்டன் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. குண்டு விழுந்து வீடுகள் போயிருந்தன, செம்புக்குத் தட்டுப்பாடு. 1942-இல் வீட்டு மின் இணைப்புகளுக்கென்று 20 பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. அதில் ஒரே ஒரு பெண், கரோலின் ஹாஸ்லெட். பாய்லர் கம்பெனியில் வேலை பார்த்து இஞ்சினியரிங் கற்றவர். 1919-இல் தொடங்கிய பெண் பொறியாளர்கள் சங்கத்தின் முதல் செயலாளர், பிறகு 1924-இல் பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தின் முதல் இயக்குநர். மின்சாரம் வந்தால் பெண்களின் அடுப்படி உழைப்பு குறையும் என்று வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் பேசியவர். 1957-இல் இறந்தபோது தன் உடலை மின்சாரத்தில்தான் எரிக்க வேண்டும் என்று உயிலில் கேட்டிருந்தார். அப்படி ஒரு நம்பிக்கை.

மற்ற 19 பேரும் கணக்குப் போடத் தெரிந்த ஆண்கள். ஆனால் வீட்டில் நாள் முழுக்க சாக்கெட்டோடு புழங்குவது யார், அதன் அருகே தவழ்வது யார் என்பதை அந்த மேசையில் சொல்ல ஹாஸ்லெட் வேண்டியிருந்தது. 1944-இல் வந்த அறிக்கையில், சிறு குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஓட்டைகளுக்கு உள்ளே கதவு வைக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனையாகவே இடம்பெற்றது. 1947-இல் பி.எஸ். 1363 வெளியானது. நான் அன்று அந்த ஹோட்டல் சுவரில் பார்த்தது அதன் சந்ததியைத்தான்.

அந்த ப்ளக்கை யூட்யூபில் அக்கக்காகக் கழற்றிக் காட்டுகிறார்கள், பாருங்கள். எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் போய்த் தொட்டால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் கதவும் திறக்கும். அதாவது பாதுகாப்பு முதலில், கரண்ட் பிறகு. வெளியே எடுக்கும்போது எர்த் கடைசியாகத்தான் விடுபடும். உள்ளே எர்த் வயரைக் கொஞ்சம் நீளமாக விட்டு மாட்டச் சொல்வார்கள், யாராவது வயரைப் பிடித்து இழுத்தால்கூட கடைசியில் அறுபடுவது அதுவாக இருக்கட்டும் என்று. ப்ளக்குக்குள்ளேயே ஒரு ஃப்யூஸ். செம்பைச் சேமிக்க வீடு முழுக்க வளையமாக ஒரே 30 ஆம்பியர் லைன் ஓட்டியதால் ஒவ்வொரு சாமானுக்கும் தனிக் காவல் தேவைப்பட்டது. பின்களைச் செவ்வகமாக வைத்ததும் யோசித்துத்தான். பழைய உருண்டை ஓட்டைகளில் யாரும் சொருகிவிடக் கூடாது.

பேனாவை நான் விட்ட இடம் அது. ஒரு குழந்தையின் விரலுக்காக ஒரு பெண் கேட்டு வாங்கிய கதவு.

நியாயமாகச் சொன்னால், என் சார்ஜருக்கு எர்த் தேவையே இல்லை. அதன் முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும், இரட்டைக் காப்பு என்று அர்த்தம். உடம்பு பிளாஸ்டிக், உள்ளே இரண்டு அடுக்குத் தடுப்பு. தப்பு சார்ஜரிடம் இல்லை. ஒல்லியான உருண்டைப் பின் தட்டை ஓட்டைக்குள் லொடலொடவென்று உட்காரும், சூடாகும், அதற்கென்று காவலுக்கு இருந்த ஃப்யூஸும் கிடையாது. அதைவிட, எந்தக் கதவையும் எதை வைத்தாவது திறந்துவிடலாம் என்று கை பழகிவிடுகிறது.

அந்த எழுத்துகளையும் படியுங்கள்: 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். எடிசன், பெர்லின், டோக்கியோ, ஒஸாகா எல்லாம் அந்த ஒரு வரிக்குள் சமாதானமாகிவிட்டார்கள். வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை நறுக்கி, வேண்டிய அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் சின்னச் சர்க்யூட். நூறு வருடமாகச் சுவர்கள் செய்ய முடியாததைச் சாமான் செய்துகொண்டது. ஆனால் சூடு செய்கிறதும் சுற்றுகிறதும் இந்தச் சமாதானத்தில் சேரவில்லை. நம்மூர் 1,000 வாட் அயர்ன் பாக்ஸை அமெரிக்காவில் சொருகினால் சுமார் 270 வாட் சூடுதான் வரும், கைக்குட்டைகூடத் தேயாது. அங்கிருந்து ஒரு காபி மேக்கரைக் கொண்டுவந்து வெறும் அடாப்டர் போட்டு இங்கே சொருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் இழுத்துப் புகைந்துவிடும். நியூஜெர்சி போன என் சித்தி 2003-இல் ஆசையாக எடுத்துப்போன மிக்ஸி அங்கே பெருமூச்சு விட்டதே தவிர உளுந்தை அரைக்கவில்லை. சித்தப்பா கருங்கல் மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்து வைத்தார். இட்லி என்னவோ வந்தது.

பயணிகளுக்கான அட்டவணைகளில் ஐரோப்பா, பிரிட்டன், இந்தியா எல்லாமே 230 என்று போட்டிருப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டனில் 240, ஐரோப்பியக் கண்டத்தில் 220 என்று இருந்ததை 1990களில் ஒன்றாக்கினார்கள். எப்படி? பிரிட்டன் தன் எண்ணை 230 என்று மாற்றி, மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் போகலாம் என்று அனுமதி எழுதிக்கொண்டது. 240 அதற்குள் சௌகரியமாக அடங்கிவிடும். எந்த டிரான்ஸ்ஃபார்மரையும் யாரும் தொடவில்லை. கான்ஃபிக் ஃபைலில் எண்ணை மாற்றிவிட்டு ரிலீஸ் நோட் அனுப்புகிற வேலை. நான் இதை ரசித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

பிரிட்டன் உருண்டைப் பின்னை விட்டுப் போனபோது அதை நாம் வைத்துக்கொண்டோம். சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் எல்லாம் செவ்வகப் பின்னுக்கு மாறின. இரண்டும் கலந்து கிடந்த இலங்கையும் பின்னாளில் அந்த 13 ஆம்பியர் ப்ளக்கையே தேசியத் தரமாக்கிக்கொண்டது. 1947-இல் இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறன் 1,362 மெகாவாட். மாறுவதாக இருந்தால் அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. ஆனால் ஃப்யூஸ் வைத்த ப்ளக், வளைய லைன் எல்லாம் செலவு. இருப்பதே போதும் என்று நினைத்திருப்பார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். உருண்டைப் பின் ஒன்றும் மோசமான டிசைன் இல்லை, அதிலும் எர்த் பின் நீளமாக, தடிமனாகத்தான் இருக்கிறது. ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் நாம் சொருகும் பெரிய ‘15 ஆம்ப் டாப்’ லண்டனில் இன்னும் சாகவில்லை. நாடக மேடை விளக்குகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏணி போட்டு ஏற வேண்டிய உயரத்தில், நாடகம் நடக்கும்போது ப்ளக்குக்குள் ஃப்யூஸ் போனால் யார் மாற்றுவது? இந்தியத் தரத்தில் அது 6, 16 ஆம்பியர் என்று மாறி வெகுகாலம் ஆகிறது. எந்தக் கடையிலும் இன்றைக்கும் அஞ்சு, பதினஞ்சுதான்.

நம் பிரச்சினை ப்ளக்கில் இல்லை. அதன் பின்னால் இருக்கும் சுவரில்.

எர்த் என்றால் நிஜமாகவே மண். வீட்டுப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டி, ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூட வேண்டும். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், செடிக்கு ஊற்றுவது போல. சின்ன வயதில் அப்பாவோடு போய் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அங்கிருந்து ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தனியாக ஒரு கம்பி இழுக்க வேண்டும். பில்லில் இதெல்லாம் வரும்போது வீட்டுக்காரர்கள் முகம் மாறும். லைட் எரிவது தெரிகிறது, ஃபேன் சுற்றுவது தெரிகிறது. எர்த் வேலை செய்வது யாருக்கும் தெரியாது.

1997-இல் எங்கள் டவுனில் ஒரு வீடு. பேர் வேண்டாம். அப்பாதான் வயரிங். எர்த் குழிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “கரண்ட் வருதுல்ல, அப்புறம் எதுக்குய்யா கரியும் உப்பும், கருவாடு போடவா?” என்று வீட்டுக்காரர் கேட்டதை அப்பா வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடையில் மூணு பின் சாக்கெட்தான் இருந்தது. அதையே மாட்டினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எதுவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுப் பின்கட்டில், கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்த அக்கா செத்துப்போனாள். அங்கே வேலை செய்தவள். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கிரைண்டரின் டாப் மூணு பின்தான், புத்தம் புதுசு. அதன் எர்த் வயரும் சரியாக இருந்தது. சுவர் வரைக்கும்.

போலீஸ் வந்தது, போனது. ஒருவரும் அப்பாவைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எர்த் இல்லாமல் வேலை எடுப்பதில்லை என்று அவர் முடிவு செய்ததும், அதனால் பாதி வேலை அடுத்த வயர்மேனுக்குப் போனதும், அம்மா கம்மலை அடகு வைத்ததும் எனக்குக் காலேஜ் படிக்கும்போதுதான் தெரியும். அதுவும் அம்மா சொல்லித்தான். அப்பா அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு முறை. “ரெண்டு ஓட்டை சாக்கெட்டு மாட்டிருந்தாலாவது பயந்து தொட்டிருப்பாளோ என்னவோ. மூணு ஓட்டைய வச்சு ஏமாத்திட்டேன்டா.”

போன வருடம் சென்னையில் ஃப்ளாட் வாங்கினேன். 20 வருடத்துக்கு லோன். மாடுலர் ஸ்விட்ச்போர்டு, வெள்ளை வெளேரென்று சாக்கெட்டுகள், ஓட்டைக்குள் கதவுகூட இருந்தது. பால் காய்ச்சிய மறுநாள் அப்பா பையிலிருந்து தன் டெஸ்ட் லாம்ப்பை எடுத்தார். ஒரு ஹோல்டர், 60 வாட் குண்டு பல்பு, இரண்டு நீள வயர். அவ்வளவுதான் கருவி. ஒரு வயரை ஃபேஸில், மற்றொன்றை எர்த்தில். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஆர்.சி.சி.பி. மெயினில் இருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் வீடே இருட்டாக வேண்டும்.

ஹாலில் வைத்தார். டப்பென்று எல்லாம் அணைந்தது. “ம், நல்லாருக்கு” என்றார். மேலே தூக்கிவிடச் சொன்னார். படுக்கையறை, மறுபடி இருட்டு. மறுபடி தூக்கினேன். ஒவ்வொரு முறை இருட்டாகும்போதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி. என் மகள் இதை விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினாள்.

சமையலறையில் வைத்தார். பல்பும் எரியவில்லை, வீடும் அணையவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து சாக்கெட், அதே. கிரைண்டருக்கென்று மேடை ஓரத்தில் விட்டிருந்த சாக்கெட், அதே.

மெயினை இறக்கிவிட்டு, திருகைக் கழற்றி போர்டை வெளியே இழுத்தார். சிவப்பு இருந்தது, கறுப்பு இருந்தது. எர்த் முனையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு பச்சை வயர், மறுமுனை எதிலும் சேராமல், நுனி சுத்தமாக வெட்டப்பட்டு நின்றது. யாராவது திறந்து பார்த்தால் பச்சை தெரிய வேண்டும் என்பதற்காக.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பில்டருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. இதை மாட்டின எலக்ட்ரீஷியன் யாரென்று தேடிப் பிடித்து அவனை என்ன செய்கிறேன் பார் என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்பா தரையில் உட்கார்ந்து அந்த இரண்டு அங்குல வயரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனத் திட்டாத” என்றார். “பச்சை வயர் வாங்கிக் குடுத்திருக்க மாட்டானுங்க.”

பிறகு எழுந்து, சமையலறையிலிருந்து மெயின் போர்டு வரைக்கும் காலடி வைத்து அளந்தார். “முப்பது மீட்டர் வாங்கிட்டு வா. ரெண்டரை ஸ்கொயர். பச்சைன்னு கேளு.”